எண்ணெய்க் குப்பியைக் கொஞ்சம் கீழ வைங்க

"ராட்டை கனமா ஓடுதா? ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, சரியாப் போயிடும்."

இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருது. நிஜமாவே வருது.

சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க. எண்ணெய் விட்டவுடனே ராட்டையும் கொஞ்சம் லேசா ஓடும். அதனாலதான் இந்த யோசனை சாகவே மாட்டேங்குது. ஆனா கொஞ்ச நாள் கழிச்சு அதே ராட்டை முன்னைவிடக் கனமா ஓடும். உடனே இன்னும் ரெண்டு சொட்டு. அப்புறம் இன்னும் ரெண்டு. கடைசியில அச்சுல எண்ணெயும் தெரியாது, இரும்பும் தெரியாது. கறுப்பா, பிசுபிசுன்னு ஒரு களிம்பு மட்டும் இருக்கும். "ராட்டை பழசாயிடுச்சு"ன்னு ஒரு வேட்டித்துணியில சுத்திப் பரண்ல ஏத்திடுவாங்க.

பழசாகலீங்க. அழுக்காயிருக்கு.

நாங்க சில பேர் ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துல ஒண்ணா உக்காந்து நூல் நூக்கிறது வழக்கம். அதுல ஒரு டீச்சரம்மா இருக்காங்க, ரிட்டையர் ஆனவங்க. சின்ன வயசுல ஆதாரப் பள்ளியில தக்ளி பழகினவங்க. (அந்தக் காலத்துல ஆதாரப் பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கணக்கு, தமிழோட தக்ளியில நூல் நூக்கிறதும் ஒரு பாடம்.) அவங்க ஒரு பெட்டி ராட்டையைத் தூக்கிட்டு வந்தாங்க.

"ஆசாரிகிட்டக் காட்டினேன் கண்ணு. கதிரு தேஞ்சு போச்சு, மாத்தோணும்ங்கிறாரு. இதுக்கெல்லாம் இப்ப எங்க போய்க் கதிரு வாங்கறது?"

"மாத்துறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்துக்கட்டுங்களா டீச்சர்?"

"பாரு பாரு. எண்ணெய் கூட விட்டுப் பாத்துட்டேன்."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதுமே பாதி விஷயம் புரிஞ்சுபோச்சு.

எந்த ராட்டை கனமா ஓடினாலும் நான் முதல்ல செய்யறது ஒண்ணுதான். கயிறு ரெண்டையும் கழட்டிடுவேன். பெட்டி ராட்டையில ரெண்டு சக்கரம் இருக்கும், தெரியும்ல? கைப்பிடி வச்ச பெரிய சக்கரம் ஒண்ணு, பக்கத்துல சின்னது ஒண்ணு. பெரிய சக்கரத்துல இருந்து சின்னச் சக்கரத்தோட அச்சுக்கு ஒரு கயிறு. சின்னச் சக்கரத்துல இருந்து, நூலை முறுக்கிச் சுத்திக்கிற கதிர்ல இருக்கிற குட்டிக் கப்பிக்கு ஒரு கயிறு. இந்த ரெண்டு கயிறும் மாட்டியிருக்கிற வரைக்கும் எங்க கனம்னு கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாம் எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு இருக்கும்.

கழட்டிட்டா? ஒவ்வொண்ணையும் தனியா விரலால சுண்டிவிடலாம்.

பெரிய சக்கரம் சுண்டினா சொகுசா சுத்திட்டு மெல்ல நிக்கணும். டீச்சரோடது அப்படித்தான் நின்னுச்சு. சின்னச் சக்கரமும் சரி. கதிரைச் சுண்டினேன்... பாதிச் சுத்துல நின்னுபோச்சு.

ஆக கோளாறு அங்கதான். கதிர்ல ஒரு வட்டத்தட்டு இருக்கும், நூல் பின்னாடி ஓடிப்போகாம தடுக்கிறதுக்கு. அந்தத் தட்டுக்கும் கதிரைத் தாங்குற இடத்துக்கும் நடுவுல ஒரு சின்ன இடுக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அங்க பாத்தா, கறுப்பா ஒரு வளையம். இரும்பு வளையம்னு நினைக்கிற அளவுக்குக் கெட்டியா இருந்துச்சு. ஊசி முனையால கொஞ்சம் கொஞ்சமா நெம்பினேன். நூல்! எப்பவோ அறுந்து பின்னாடி ஓடின நூல், அது மேல பஞ்சு, அது மேல எண்ணெய், மறுபடி பஞ்சு. அடுக்கடுக்கா வந்துச்சு. டீச்சரம்மா ஒரு காகிதத்தை விரிச்சு எல்லாத்தையும் அதுல வாங்கிக்கிட்டாங்க.

கதிர் தேயவே இல்ல. துடைச்சதும் பளபளன்னு இருந்துச்சு.

இதை நான் திரும்பத் திரும்பப் பாக்குறேன். கதிர் கனமா இருக்குன்னா பெரும்பாலும் அந்த இடுக்குல நூல் சுத்தியிருக்கும். முதல்ல அங்க பாருங்க. ஊசி போதும். பிளேடு வேண்டாம், பிளேடு வழுக்கினா கதிர் உக்கார்ற தோலையோ நூல் வளையத்தையோ வெட்டிடும், அப்புறம் அதுக்கு வேற அலையணும்.

பஞ்சுக்கும் எண்ணெய்க்கும் நடுவுல நடக்கிறது என்னன்னு கொஞ்சம் யோசிச்சா எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு புரியும். விளக்குத் திரி என்ன செய்யும்? எண்ணெயை உறிஞ்சி மேல ஏத்தும். அதே பஞ்சுதானே இதுவும். நூக்கும்போது பறக்கிற ஒவ்வொரு பொடி இழையும் அச்சுல போய் உக்காந்து ஒரு குட்டித் திரியா மாறிடுது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல இருக்க வேண்டிய எண்ணெயை இது உறிஞ்சி வெளிய இழுத்துடும். உள்ள காய்ஞ்சுபோகும், வெளிய ஈரமா இருக்கும். பாக்குறவங்க "எண்ணெய் இருக்கே"ன்னு நினைப்பாங்க. அந்த வெளி ஈரத்துல தெருப்புழுதியும் சேர்ந்தா, மணல்காகிதத்தை வச்சு அச்சைத் தேய்க்கிற வேலைதான் நடக்கும்.

கம்பளி நூக்குறவங்களுக்கும் புழுதி உண்டுதான். ஆனா பருத்தி ரொம்பப் பொடி. நம்ம ஊர்ல நாம நூக்குறது பருத்தி.

அதனால வரிசை இதுதான்: துடைக்கணும், பாக்கணும், மறுபடி துடைக்கணும். எண்ணெய் கடைசியில.

அதுவும் கதிர்ல அழுக்கு ஏன் இவ்வளவு பாதிக்குதுன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. பெரிய சக்கரத்தை ஒரு சுத்து சுத்தினா, ராட்டையைப் பொறுத்து, கதிர் எண்பது தடவை பக்கம் சுத்தும். சிலதுல நூறைத் தொடும். நிதானமா நிமிஷத்துக்கு 40 சுத்து சுத்துறீங்கன்னு வைங்க. கதிர் 3,000-ஐத் தாண்டி ஓடிக்கிட்டு இருக்கு! நம்ம கைக்கு அது தெரியவே தெரியாது. கை மெதுவாத்தான் போகுது. ஆனா அங்க இருக்கிற துளி பிசுபிசுப்பு அத்தனை மடங்கு பெருகி நம்ம தோள்பட்டைக்கு வந்து சேருது. சாயங்காலம் தோள் வலிச்சா வயசை மட்டும் திட்டாதீங்க, கதிரையும் ஒரு தடவை பாருங்க.

இந்தப் பெட்டி ராட்டை எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா அதுமேல இன்னும் கொஞ்சம் பாசம் வரும். 1930-கள் தொடக்கத்துல காந்தி எரவாடா ஜெயில்ல இருந்த காலத்துல உருவானதுங்கிறதால இதுக்கு எரவாடா சக்கரம்னே ஒரு பேர் உண்டு. பழைய ராட்டையோட அந்தப் பெரிய ஒத்தைச் சக்கரம் இல்லாம, ரெண்டு சின்னச் சக்கரத்தைத் தரையோட படுக்க வச்சு, அதே வேகத்தை ஒரு பெட்டிக்குள்ள கொண்டுவந்துட்டாங்க. மூடினா கையில தூக்கிட்டுப் போகலாம். ரயில்ல உக்காந்து நூக்கலாம். எவ்வளவு அழகான யோசனை!

ஆனா ஒண்ணு. சக்கரம் படுத்திருக்கு, அச்சு நிமிர்ந்திருக்கு. அதனால மேல விடற எண்ணெய் நேரா கீழ இறங்கி மரத்துல ஊறும். அதிகமா விட்டா பெட்டியோட அடிப்பலகையில வட்ட வட்டமா கறை. பழைய பெட்டிகளைத் திறந்தா முதல்ல கண்ல படுறது அந்தக் கறைதான்.

சரி, துடைக்கிற வேலைக்கு வருவோம். பெரிய சாமான் எதுவும் வேணாம். பழைய பல் பிரஷ் ஒண்ணு, தடிமனான ஊசி ஒண்ணு, நூல் பிரியாத பழைய வேட்டித்துண்டு ரெண்டு. (பனியன் துணி கூட நல்லாயிருக்கும். டவல் வேண்டாம், அதுவே பஞ்சைக் கொட்டும்.)

சக்கரத்தைக் கழட்ட முடிஞ்சா கழட்டுங்க. கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கங்க. எந்த வாஷர் மேல, எது கீழங்கிறது அரைமணி நேரத்துல மறந்துபோகும். வாஷரை மாத்திப் போட்டா சக்கரம் ஒரு இழை உயரமா உக்காரும், கயிறு நேரா ஓடாது, அடிக்கடி கழண்டு விழும்.

காய்ஞ்ச அழுக்கைப் பிரஷ்ஷாலேயே எடுத்துடலாம். பழைய எண்ணெய் பிசினாகிப் போயிருந்தா மண்ணெண்ணெய்தான் கரைக்கும். ரேஷன்ல மண்ணெண்ணெய் அருகிப்போன காலம் இது, எனக்குத் தெரியும். ஹார்டுவேர் கடையில பெயிண்டுக்குக் கலக்குற டர்பன்டைன் கிடைக்கும், அதுவும் கேக்கும். ரெண்டுல எதுவா இருந்தாலும் துணியில நனைச்சுத் துடைக்கணும், அச்சு மேல ஊத்தக்கூடாது. வெளித் திண்ணையிலயோ மொட்டை மாடியிலயோ வச்சுச் செய்யுங்க. அடுப்பு, சாமி விளக்கு பக்கத்துல வேண்டவே வேண்டாம். துடைச்சு முடிச்சதும் நல்லாக் காயவிடணும், இல்லைன்னா புதுசா விடற எண்ணெயையும் அது கரைச்சுடும்.

துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே டப்பாவைப் பத்திக் கேப்பீங்க. அது இறுகின ஆணியைக் கழட்டத் தேவைப்படும், பிசினைக் கரைக்கவும் உதவும். ஆனா அதுல பெரும்பகுதி ஆவியாப் போற திரவம். அடிச்ச அன்னிக்கு ராட்டை பறக்கும், அப்புறம் காய்ஞ்சுடும். அது துடைக்கிற சாமான் கணக்குல வரட்டும், எண்ணெய்க் கணக்குல வேண்டாம்.

கதிர்ல துரு இருந்தா 400-ஆம் நம்பர் நீர்க் காகிதம், அப்புறம் 600. கதிரைச் சுத்தவிட்டுக்கிட்டே லேசாப் பிடிச்சாப் போதும். முனையைக் கூர்மையாக்காதீங்க! முனை லேசா உருண்டு, வழவழன்னு இருக்கணும். நூல் முறுக்கேறும்போது ஒவ்வொரு சுத்துக்கும் முனையில இருந்து நழுவி விழுது இல்லையா, அங்க பிசிறு இருந்தா நூல் மாட்டும், மெல்லிசு நூல்னா அறுந்தே போகும்.

கதிர் கோணியிருக்கான்னு பாக்க ஒரு கண்ணாடித் தகடு மேல உருட்டுங்க. கப்பி, தட்டு இருக்கிற இடத்தை விளிம்புக்கு வெளிய விட்டுட்டு மீதியை உருட்டணும். கண்ணாடிக்கும் கதிருக்கும் நடுவுல வெளிச்சம் வந்து வந்து போனா கோணல். மரச்சுத்தியால மெல்லத் தட்டி நிமித்தலாம். பொறுமை இருந்தா நீங்களே செய்யலாம், இல்லைன்னா லேத் பட்டறையில குடுத்தா நிமிஷத்துல நிமித்திக் குடுப்பாங்க. கோணல் கதிருக்கு எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அது அதிரத்தான் செய்யும்.

இப்ப எண்ணெய். வந்துட்டோம்!

எந்த எண்ணெய்ங்கிறதுல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கருத்து. எனக்குக் கருத்துச் சண்டையில நம்பிக்கை இல்ல, அதனால ஒரு கண்ணாடித் தகட்டுல தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் நாலையும் ஒவ்வொரு சொட்டா மெல்லிசாத் தடவி, பேர் எழுதி, பீரோ மேல வச்சுட்டேன். வேற எதுவும் செய்யல. மழை, வெயில், பனிக்காலம் எல்லாம் அது பாட்டுக்குப் போச்சு. நடுநடுவுல எடுத்து விரலால தொட்டுப் பாப்பேன்.

நல்லெண்ணெய்தான் முதல்ல ஒட்ட ஆரம்பிச்சுது. அதுல காத்தோட சேர்ந்து மெல்ல இறுகுற கொழுப்பு நிறைய இருக்கு. தாளிக்க, தலைக்குத் தேய்க்க அதுக்கு ஈடு இல்ல. அச்சுக்கு ஆகாது.

தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது. ஆனா 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சுடும். மார்கழி காலைல கோயம்புத்தூர் பக்கம் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் வெள்ளையாக் கட்டியிருக்கும்ல, அதுவேதான் கதிருக்குள்ளயும் நடக்கும். விடியக்காலையில நூக்குறவங்களுக்கு இது பெரிய தொல்லை. நாள்பட்டா சிக்கு வாடையும் வரும், அந்த வாடை நூல்லயும் ஏறும்.

விளக்கெண்ணெய்! இதைக் குறை சொல்ல எனக்கு மனசே வராது. நம்ம மாட்டு வண்டிக்குப் போட்ட மை, வைக்கோல் கரியை விளக்கெண்ணெய்ல குழைச்சதுதானே. அந்தக் காலத்து ஆகாய விமான எஞ்சினுக்கே ஆமணக்கு எண்ணெய் ஊத்தியிருக்காங்க. பாரம் தாங்குற எண்ணெய் அது. ஆனா கதிருக்குப் பாரம் கிடையாது, வேகம்தான். கெட்டி எண்ணெய் வேகத்தைப் பிடிச்சு இழுக்கும். என் தகட்டுல அது காயல, ஆனா பீரோ மேல இருந்த புழுதி முழுக்க அதுமேலதான் இருந்துச்சு.

தையல் மிஷின் எண்ணெய் வச்சபடியே தண்ணியா இருந்துச்சு. கனிம எண்ணெய் காத்தோட சேர்ந்து அவ்வளவு சீக்கிரம் பிசினாகாது. தெருமுனைத் தையல் சாமான் கடையில குட்டிக் குப்பியில கிடைக்கும். ஒரு குப்பி வாங்கினா வருஷக்கணக்கா வரும், ஏன்னா வேணுங்கிறது அவ்வளவு கொஞ்சம்.

விளக்கெண்ணெய்க்கு ஒரு இடம் இருக்கு, சொல்லிடறேன். சில ராட்டைகள்ல கதிர் உக்கார்றது தோல் துண்டுல. அந்தத் தோல் காய்ஞ்சு விறைச்சா கரகரன்னு அறுக்கும். அதுக்கு விளக்கெண்ணெயை விரல்ல தொட்டுத் தடவி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலைல மிச்சத்தை ஒத்தி எடுத்துடுங்க. பழைய தோல் செருப்புக்குத் தடவுவாங்களே, அதே வைத்தியம். தோல் மெத்துன்னு ஆயிடும்.

ஆளி விதை எண்ணெய் காய்ஞ்சு படலமாகிற எண்ணெய். அதனால பெட்டி மரத்துக்கு மெல்லிசாப் பூசலாம், அச்சு கிட்டக் கூடக் கொண்டுபோகக் கூடாது. இன்னொரு முக்கியமான விஷயம்: அந்த எண்ணெயைத் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில போட்டுடாதீங்க. அது காயும்போது சூடாகும், சுருட்டிக் கிடந்தா தானாத் தீப்பிடிக்கிற அளவுக்கு. விரிச்சுக் கொடியில போட்டுக் காயவச்சு அப்புறம் எறிங்க.

எவ்வளவு எண்ணெய்? ஊசி முனையை எண்ணெய்ல முக்கி எடுத்தா தொங்குதே, அந்தச் சொட்டு. கதிர் உக்கார்ற ரெண்டு இடத்துலயும் அது ஒவ்வொண்ணு. சக்கர அச்சுக்கு ஒவ்வொரு சொட்டு. அப்புறம் எல்லாரும் மறக்கிற ஒரு இடம், கைப்பிடிக் குமிழ். அது தன் ஆணியில தானே சுத்தணும். சுத்தலைன்னா நம்ம உள்ளங்கைதான் அதைச் சுத்தி உரசும், நாள் முழுக்க நூத்தா தோல் கன்னிப்போகும்.

விட்டுட்டு, கயிறு மாட்டாம கொஞ்ச நேரம் சுத்துங்க. கறுப்பா கசியும். துடைங்க. மறுபடி ஒரு சொட்டு, மறுபடி சுத்து, மறுபடி துடை. துணியில கறுப்பு வராம எண்ணெய் எண்ணெயாவே வர்ற வரைக்கும். அந்தத் துணியைப் பாக்கிறதுல எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

கயிறு ஓடற பள்ளத்துல, கப்பியில, கயித்துல எண்ணெய் படவே கூடாது. பட்டா வழுக்கும். கை சுத்தும், கதிர் சுத்தாது. அதுக்காகக் கயித்தை இறுக்குவாங்க. இறுக்கினா அச்சு ஒரு பக்கமா இழுபட்டுக் கனக்கும். கனக்குதேன்னு எண்ணெய் விடுவாங்க! இந்தச் சுழல்ல மாட்டின ராட்டைகளை எத்தனையோ பாத்திருக்கேன். எண்ணெய்க் கையோட கயித்தைத் தொடாதீங்க, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து மாட்டுங்க.

எண்ணெய் விட்டவுடனே நல்ல பஞ்சுப் பட்டையை எடுத்து உக்காராதீங்கன்னும் சொல்லணும். முதல்ல கழிவுப் பஞ்சுல கொஞ்சம் நூத்து, அந்த நூலைத் தூக்கிப் போட்டுடுங்க. தட்டைத் தாண்டி வந்த எண்ணெயை அது வாங்கிக்கும். சாம்பல் நிறக் கறை ஏறின நூல் சிட்டத்தை வெளுக்கிறது பெரும்பாடு.

சத்தம் பத்திச் சொல்லாம விடமாட்டேன். நல்ல ராட்டைக்கு ஒரு ரீங்காரம் இருக்கு. காந்தி சத்திய சோதனையில எழுதியிருக்காரு, உடம்பு முடியாம இருந்தப்ப அறைக்குள்ள ராட்டை பாடின அந்த ஓசை தன்னோட உடம்பு தேறினதுல பங்கு வகிச்சதுன்னு. எனக்கு அது மிகையாவே தெரியல. அதே அத்தியாயத்துலதான் கங்காபென் மஜும்தார் கதையும் வருது. காந்தி ராட்டையைத் தேடித் தேடி அலையறாரு, எங்கயும் கிடைக்கல. கடைசியில பரோடா சமஸ்தானத்து விஜாப்பூர்ல அந்தம்மா கண்டுபிடிக்கிறாங்க. எங்க இருந்துச்சு தெரியுமா? வீட்டுக்கு வீடு பரண்ல! வேலைக்கு ஆகாத தட்டுமுட்டுச் சாமானா ஏத்தி வச்சிருந்தாங்க. பட்டை குடுத்து, நூலை வாங்கிக்கிறோம்னு சொன்னா மறுபடி நூக்கிறோம்னு அந்த ஜனங்க சொல்லியிருக்காங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் என் புத்தி வேற பக்கம் போகும். அந்த ராட்டைகளைக் கீழ இறக்கி, ஒட்டடை தட்டி, அச்சைத் துடைச்சு, முதல் சொட்டு எண்ணெய் விட்டது யாரு? அதை யாரும் எழுதல. ஆனா அது நடக்காம ஒரு முழம் நூல் கூட வந்திருக்காது.

ரீங்காரம் தவிர வேற சத்தம் எல்லாமே ஒரு தகவல். கீச்சுன்னு வந்தா எங்கயோ இரும்பு காய்ஞ்சு உரசுது, பெரும்பாலும் கைப்பிடி. கரகரன்னா மணலும் பஞ்சும், எண்ணெயைத் தொடாதீங்க, கழட்டித் துடைங்க. டக்... டக்...னு தாளம் தப்பாம வந்தா கயித்து முடிச்சு கப்பியில ஏறி இறங்குது. நடுக்கத்தோட ஒரு உறுமல் வந்தா கதிர் கோணல். ரேடியோவை அணைச்சுட்டு ஒரு நிமிஷம் கேளுங்க, அதுவே சொல்லும்.

பராமரிப்புங்கிறது ராட்டைக்காரங்க பின்னாடி சேர்த்துக்கிட்ட விஷயம் இல்ல. 1925-ல அகில பாரத சர்க்கா சங்கம் ஆரம்பிச்சாங்க. 1929-ல அந்தச் சங்கம் ஒரு போட்டி அறிவிச்சுது: கிராமத்துல வச்சு ஓட்டக்கூடிய மேலான ராட்டை ஒண்ணு செஞ்சு குடுத்தா ஒரு லட்சம் ரூபாய் பரிசு. அந்தக் காலத்து ஒரு லட்சம்! நிபந்தனைகளைப் படிச்சா ஆசையா இருக்கும். விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. நேரா நேரத்துக்குப் பராமரிச்சா, தினம் 8 மணி நேரம் வீதம் 20 வருஷம் பெரிய ரிப்பேர் இல்லாம ஓடணும். அந்தப் பராமரிப்புச் செலவு வருஷத்துக்கு விலையில 5 சதவீதத்துக்குள்ள அடங்கணும். 150 ரூபாய்க்கு ஏழரை ரூபாய். வேகம், நூலோட தரம் மட்டும் கேக்காம, துடைக்கிற செலவையும் சேர்த்து யோசிச்சவங்க யாரோ அந்த மேஜையைச் சுத்தி உக்காந்திருந்திருக்காங்க. அவங்களைக் கும்பிடணும்னு தோணுது. (பரிசைக் கடைசிவரைக்கும் யாரும் வாங்கல. அவ்வளவு கறாரான நிபந்தனை.)

அப்புறம் சுதந்திரத்துக்குப் பின்னாடி வந்த அம்பர் சர்க்கா நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஏகாம்பரநாதன் கண்டுபிடிச்சது, அவர் பேர்ல இருந்துதான் அந்த அம்பர். அது வேற ஜாதி. மில் இயந்திரத்தோட உருளையையும் வளையத்தையும் கைக்கு அடக்கமாக் கொண்டுவந்த வேலை. அதுல ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்றேன்: ரப்பர் போத்தின உருளையில எண்ணெய் படக்கூடாது. ரப்பர் ஊதிப்போகும், அப்புறம் பஞ்சு சமமா இழுபடாது. உருளையைக் காய்ஞ்ச துணியால மட்டும் துடைங்க.

நெசவு வீடுகள்ல தார் சுத்துற ராட்டை வச்சிருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நிறைய பேர் வீட்டுல அது சைக்கிள் சக்கரத்துல செஞ்சது. அதோட நடுவுல பால்ரஸ் குண்டு இருக்கு. அங்க தண்ணி எண்ணெய் விட்டா உள்ள இருக்கிற கிரீஸைக் கரைச்சு வெளிய தள்ளிடும். வருஷத்துக்கு ஒரு தடவை சைக்கிள் கடையில பிரிச்சு, கழுவி, கிரீஸ் வைக்கச் சொல்லுங்க. நடுவுல எதையும் ஊத்தாதீங்க.

மரமும் மரமும் உரசுற இடத்துல, பழைய பெரிய ராட்டைகள்ல இது உண்டு, எண்ணெயே வேண்டாம். மரம் ஊறி உப்பிடும். தேன்மெழுகு தேய்ங்க. கிடைக்கலைன்னா மெழுகுவத்தி.

இந்த மெழுகுக்கட்டி கையில இருக்கும்போதே கயித்தையும் பாத்துடுங்க. மழைக்காலம் வருது. முறுக்கின பருத்திக் கயிறு ஈரத்தை இழுத்துக்கிட்டுச் சுருங்கும். வெயில் காலத்துல சரியா இருந்த கயிறு ஐப்பசியில விறைப்பா நிக்கும். "எண்ணெய் விட்டும் கனக்குதே"ன்னு டீச்சரம்மா போன் பண்ணினா நான் முதல்ல கேக்கப் போறது கயித்தைத்தான். புதுக் கயிறு போடறதுக்கு முன்னாடி அதை நீளமா இழுத்துக் கட்டி, தேன்மெழுகை ரெண்டு தடவை ஓட்டி, துணியால அழுத்தித் தேய்ச்சுடுங்க. ஈரம் அவ்வளவா ஏறாது, கப்பியையும் நல்லாப் பிடிக்கும். முடிச்சு மட்டும் தடிமனாப் போடாதீங்க. ரெண்டு முனையையும் பிரிச்சு, இழைகளைக் கொஞ்சம் வெட்டி மெல்லிசாக்கி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி, தையல் நூலால இறுக்கித் தைச்சுடுங்க. தைச்ச இடத்துலயும் ஒரு தடவை மெழுகு.